மேஜைக்கு அடியில் குண்டு

தொடர்கதை எழுதுகிறவன் நான். வாரக் கடைசி வரியில் வாசகரைத் திடுக்கிட வைத்தால் போதும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது ஒரு சம்பாஷணை.

1962 ஆகஸ்டில் யூனிவர்சல் ஸ்டூடியோவில் நடந்தது. கேட்டவர் பிரான்ஸ்வா த்ரூஃபோ. சினிமா விமர்சகராயிருந்து டைரக்டரான பிரெஞ்சுக்காரர், வயது 30. பதில் சொன்னவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். ஊமைப்படங்களுக்கு டைட்டில் கார்டு வரைகிற வேலையில் தொடங்கியவர், வயது 63. நடுவே மொழிபெயர்த்தவர் ஹெலன் ஸ்காட் என்ற மாது. ஹிட்ச்காக்கை வெறும் வேடிக்கை காட்டுகிறவர் என்று அமெரிக்க விமர்சகர்கள் பலர் ஒதுக்கிய காலம் அது. இந்த இளைஞரோ, தச்சனிடம் உளி பிடிக்கக் கேட்பதுபோல் ஒவ்வொரு படமாகக் கேட்டார். 1966ல் அது பாரிஸில் புத்தகமாயிற்று.

ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் இது: இருவர் மேஜையருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடியிலிருந்த குண்டு திடீரென்று வெடித்தால் சபைக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டாலோ, அதே அற்பப் பேச்சைப் பதினைந்து நிமிஷம் தவித்துக்கொண்டு கேட்பார்கள்.

நாலு வாரமாக ஒளித்து வைத்திருந்த கொலைகாரனை மறுவாரமே வாசகருக்குக் காட்டிக்கொடுத்தேன். கதை கெட்டது என்றுதான் பயந்தேன். வந்த கடிதங்களிலோ ஒரே கேள்வி: "அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லக்கூடாதா?"