கரிமத் தடம்

கரிமத் தடம் (பெயர்ச்சொல்): ஒருவரோ ஒரு தொழிலோ ஒரு பொருளோ காற்றில் சேர்க்கும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவு. கரியமில வாயுவின் எடையாக மாற்றி, கிலோவிலோ டன்னிலோ சொல்லப்படும்.

'கரி'யிலிருந்து பிறந்தது கரிமம். கார்பனுக்கு மூலமான லத்தீன் 'கார்போ'வுக்கும் கரி என்றே பொருள். 'தடம்' என்பது நடந்தவர் விட்டுச்சென்ற சுவடு. பேருந்துத் தடம் என்பதில் உள்ளதுபோல வழியையும் குறிக்கும். 1990-களில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் இருவரும் வகுத்த 'சூழலியல் தடம்' என்ற கருத்திலிருந்து கிளைத்தது இந்தச் சொல்.

சிறு தொழிலுக்கு இது எட்டாத கணக்கு அன்று. உலக அளவில் வழங்கும் கணக்கு முறை இதை மூன்றாகப் பிரிக்கிறது: நாமே எரிக்கும் எரிபொருள்; வாங்கும் மின்சாரம்; மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து முதலிய மற்றவை. முதல் இரண்டையும் ஒரு பேக்கரி தன் ரசீதுகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு; 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 57 கிலோ; இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ. அடுப்பின் வெப்பக் கசிவை முதலில் அடைப்பதா, பழைய குளிர்பெட்டியை மாற்றுவதா என்பதை இந்த எண்களே காட்டிவிடும்.

தொழில் நடத்துவோர் கடந்த 12 மாத மின்கட்டண, எரிபொருள் ரசீதுகளை இன்றே எடுத்து வையுங்கள், கூட்டிப் பாருங்கள். குறைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.