போஸ்டருக்குக் கீழ ஒட்டுன துண்டுத் தாள்

ஆன்லைன்ல பழைய தமிழ் சினிமா போஸ்டர்னு தேடிப் பாருங்க. பராசக்தி, நாடோடி மன்னன் எல்லாம் ஃபிரேம் போட்டு வீட்டுக்கே வந்துடும். நானும் ஒண்ணு வாங்கி மானிட்டருக்கு மேல மாட்டியிருக்கேன். அழகாத்தான் இருக்கு. ஆனா மதுரைச் சுவத்துல மக்கள் பார்த்த போஸ்டர் இது இல்ல.

பராசக்தி 1952 தீபாவளிக்கு வந்துச்சு. சிவாஜிக்கு முதல் படம். மதுரை தங்கம் தியேட்டருக்கும் அதுதான் முதல் படம். அங்க மொத்தம் 2563 சீட். அதை நிரப்பணும்னா ஊருக்குள்ள இருக்கவங்க மட்டும் போதாது; மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வர்றவங்களும் வேணும். 1951 கணக்கெடுப்புப்படி நாட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு 18 பேர்தான். அதனால போஸ்டர்ல எழுத்தை விட முகம்தான் பேசணும். கன்னம் ரோஸ், பின்னணி கரு நீலம்... இதெல்லாம் பஸ்ல போறவரை ஒரு நொடி திரும்ப வைக்கிற வேலை.

இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர்ல சிவகாசி. 1920-கள்ல அங்க தீப்பெட்டித் தொழில் வந்துச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு லித்தோ அச்சகம் வேணும். அச்சகம் வந்ததும் காலண்டர், போஸ்டர்னு வேலை பெருகிடுச்சு. லித்தோவுல ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு. ஓவியத்தைப் பார்த்து மஞ்சளுக்கு எவ்வளவு, சிவப்புக்கு எவ்வளவுன்னு மனுஷன் கையால பிரிக்கணும். நாம ஃபோட்டோஷாப்ல லேயர் பிரிக்கிற மாதிரி, ஆனா 'அன்டூ' கிடையாது. காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) அதுக்கு முன்னாடி நாடகத்துக்குத் திரைச்சீலை வரைஞ்சவர். மேடை, பூஜை அறை, தியேட்டர் சுவர் மூணுலயும் ஒரே சாயல் தெரியுதுன்னா அது தற்செயல் இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப முக்கியமான விஷயம். ஒரே போஸ்டர் பல ஊருக்கும் போகும். மதுரைக்கு வந்ததும் தியேட்டர் பேர், காட்சி நேரம் போட்ட ஒரு துண்டுத் தாளை உள்ளூர் அச்சகத்துல அடிச்சு கீழ ஒட்டுவாங்க. அந்தத் துண்டுதான் அதை மதுரைப் போஸ்டர் ஆக்கும். நாம வாங்குற பிரிண்ட்ல அது இருக்காது. ஏன்னா சுவத்துல மைதாப் பசை போட்டு ஒட்டினது மழையிலயும் மாட்டு வாயிலயும் போயிடும். இல்லன்னா அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்துக்கு அடியில போயிடும். தப்பிச்சது பெரும்பாலும் ஒட்டாம குடோன்ல மடிச்சுக் கிடந்தது. அதாவது தன் வேலையைச் செய்யாத போஸ்டர்தான் இன்னைக்கு நம்ம கைல இருக்கு!

ஜெர்மன் படம் மெட்ரோபோலிஸோட 1927 போஸ்டர் ஒண்ணு 2005-ல 6,90,000 டாலருக்குப் போச்சு. அதுவும் இதே கதைதான், மிஞ்சினது சில பிரதிகள்.

நம்ம பக்கம் இந்த மாதிரித் தாளைச் சேர்த்து வச்சவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழில், விளம்பரப் பலகை எழுதுறது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம்னு சேர்த்தார். அவர் சேகரிப்புலிருந்துதான் சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல உருவாச்சு.

தங்கம் தியேட்டர் இப்ப இல்ல, அந்த இடத்துல ஜவுளிக்கடை. உங்க வீட்டுப் பரண்ல, தாத்தாவோட டிரங்குப் பெட்டியில துண்டுத் தாளோட ஒரு போஸ்டர் கிடைச்சா, தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க. விரிச்சு, வெயில் படாம வைங்க. முதல்ல ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.