சீற் தண்டவாளமும் மண்ணெண்ணெய்க் காலமும்

முருங்கனில் பழைய மொரிஸ் மைனர் ஒன்று வந்து நின்றால் இப்போது பிள்ளைகள் சுற்றிநின்று படம் எடுக்கிறார்கள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அது ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் பிடிக்கிற ஹயர் கார், அவ்வளவுதான். படம் எடுக்கிற யாரும் முன்சீற்றுக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை. இந்தக் கார்கள் எப்படித் தப்பின என்பது அங்கேதான் தெரியும்.

சீற்றை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு அடியில் இரண்டு தண்டவாளம். அதில் பல் வெட்டியிருக்கும். ஸ்பிரிங் இழுக்கிற கொக்கி ஒன்று பல்லில் விழுந்து சீற்றைப் பிடிக்கும். ஒரே ஆள் வருஷக்கணக்காக ஓட்டினால் அவர் உட்காரும் இடத்துப் பல் மட்டும் மழுங்கிப்போகும். பிறகு பிரேக்கை ஊன்றி மிதித்தால் முதுகு சாய்ந்து சீற் பின்னுக்கு வழுக்கும், கால் பிரேக்கை விட்டு எழும்பும். மாடு குறுக்கே வருகிற எங்கள் றோட்டில் இது உயிர் விஷயம். பின்னால் பலகைத் துண்டு செருகி ஓடியவர்களும் உண்டு. நல்ல மேசன்மார் அப்படிச் செய்யமாட்டார்கள். மழுங்கிய பல்லை வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் பழையபடி அராவி எடுப்பார்கள். உப்புக்காற்றில் தளத்தகடு கறள் பிடித்து போல்ட் துவாரம் பெருத்திருந்தால் கீழே தடித்த தகடு வைத்து இறுக்குவார்கள். தகடு உக்கியிருக்கிற இடத்தில் புதுத் தண்டவாளம் பூட்டியும் பிரயோசனமில்லை.

ஏன் இவ்வளவு பாடு? மொரிஸ் மைனர் 1948 இல் வந்தது, பிரிட்டனில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் கார். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இங்கே கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை, இருந்ததை வைத்துத்தான் சமாளித்தோம். திருத்துகிற கை அப்போதுதான் பழகியது.

1990 இல் பொருளாதாரத் தடை வந்ததும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஒஸ்ரினும் மொரிஸும் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. புகையும் நாற்றமும் சொல்லி முடியாது, ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். இதே தசாப்தத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ல்ஸ் வெயர் என்பவர் தன் நாட்டு மைனர்களுக்குப் பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தார். எங்கள் தீவிலிருந்து தகடு கப்பலில் அங்கே போனது, மதவாச்சி தாண்டி வடக்கே வரவில்லை!

அந்த மண்ணெண்ணெய்ப் புகையை நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த துணியோடு புத்தளம் போனோம். திரும்பி வந்தபோது கார் நின்ற கொட்டிலே இல்லை. நின்ற கார்களைக் காப்பாற்றியது இங்கே தங்கிய தமிழ் மேசன்மாரின் கை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

2020 இல் இறக்குமதி மறுபடி நின்றபோது பழைய கார்களின் விலை எகிறியதும், உடனே பாகம் பாகமாகக் கழற்றி விற்கத் தொடங்கியதும் தெரிந்ததே. ஊரில் ஒரு மைனரை நாங்கள் சிலர் சேர்ந்து எழுப்பிக்கொண்டிருக்கிறோம். இடது பக்கத் தண்டவாளம் சரி. வலது பக்கத்தில் மூன்று பல் போய்விட்டது. உங்கள் கொட்டிலில் ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அளவு எடுக்கவாவது ஒரு நாள் தாருங்கள்.