கோப்பே தரவுத்தளம்

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயலி தன் தரவை எங்கோ இருக்கும் சர்வரிடம் ஒப்படைக்காமல், தான் ஓடும் கணினியிலேயே ஒரு கோப்பில் எழுதிவைத்துப் படித்துக்கொள்வது இன்று சாதாரணமான காரியம். ஆனால் இந்த வழக்கம் அந்த மொழியைவிட மூத்தது. 1979இல் யூனிக்ஸுக்காகக் கென் தாம்சன் எழுதிய டிபிஎம், சாவியும் மதிப்புமாகத் தரவைக் கோப்பில் அடுக்கியது. சாவியைக் கொடுத்தால், கோப்பு முழுவதையும் தேடாமல், வட்டை ஓரிரு முறை தொட்டு மதிப்பை எடுத்துவிடலாம். பின்னால் வந்தவை பலவும் இந்த வழியில் பிறந்தவைதான்.

அவற்றுள் தலையாயது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றினார். அது தரவுக்காக ஒரு தரவுத்தள சர்வரை நம்பியிருந்தது. சர்வர் ஓடாவிட்டால் மென்பொருளும் செயலிழந்தது. இடையில் சர்வர் எதற்கு, நிரலே வட்டிலிருந்து நேராகப் படிக்கட்டுமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளியானது. டிபிஎம்மின் குனூ வடிவத்தின் மேல்தான் அது நின்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் சொந்தச் சேமிப்பு முறை வந்தது. அட்டவணைகள், சுட்டெண்கள் எல்லாம் ஒரே கோப்புக்குள். அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொண்டு போனால் தரவுத்தளமே கூட வந்துவிடும்.

1995இல் உலாவிக்குள் பிறந்த ஜாவாஸ்கிரிப்டுக்கோ கோப்பைத் தொடும் உரிமையே இருக்கவில்லை. முன்பின் தெரியாத தளத்தின் நிரல் பயனரின் வட்டில் கைவைக்கக் கூடாது என்பது நியாயமான காவல். அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ 4 கிலோபைட் குக்கீ. பிறகு சுமார் 5 மெகாபைட் கொண்ட லோக்கல் ஸ்டோரேஜ், அதிலும் வெறும் எழுத்துச் சரங்கள்தான். 2007இல் கூகுள் கியர்ஸ் எஸ்க்யூலைட்டை உலாவிக்குள் கொண்டுவந்தது. அதையொட்டி எழுந்த வெப் எஸ்க்யூஎல் தர வரைவை 2010 நவம்பரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி நிறுத்தியது. செயல்படுத்திய அனைவரும் எஸ்க்யூலைட்டையே பயன்படுத்தினார்கள். தனித்தனியான செயலாக்கங்கள் இல்லாமல் தரம் உருவாகாது என்பது காரணம். கொள்கை சரியானதே. ஆனால் வெப் எஸ்க்யூஎல்லின் இடத்தைப் பிடித்த இண்டெக்ஸ்டுடிபி பழகக் கடினமானது; அதற்கான விலையைச் செயலி எழுதுவோர் பல ஆண்டுகள் கொடுத்தார்கள்.

உலாவிக்கு வெளியே கதவு 2009இல் திறந்தது. ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஜாவாஸ்கிரிப்டுக்கு வழிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், தரவை எழுத்தாக எழுதும் வடிவமான ஜேசான், ஜாவாஸ்கிரிப்டின் தரத்திலேயே சேர்ந்தது. இரண்டும் கூடியதும் மிக எளிய தரவுத்தளம் தானாகவே அமைந்தது. செயலி தொடங்கும்போது கோப்பை முழுதாகப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மாற்றம் நேர்ந்தால் முழுவதையும் திரும்ப எழுதும். பத்து வரி நிரல் போதும்.

ஆபத்தும் அந்தப் பத்து வரிக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கோப்பில் எழுதத் தொடங்கும்போது நோட் முதலில் அதைக் காலியாக்குகிறது, அதன்பிறகே புதியதை எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அரைகுறை ஜேசான் மட்டும் மிஞ்சும். மூடும் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு முழுவதும் படிக்க முடியாததாகிவிடும். இதற்கு யூனிக்ஸ்காரர்கள் பழகிய மருந்து உண்டு: தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்த பிறகு அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுவது. பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதி ஒன்றையொன்று அழிப்பதற்கு மட்டும் இந்த மருந்து பலிக்காது.

2014இல் வந்த லோடிபி இந்த முழுக்கோப்பு வழியைச் சிறு நூலகமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான நெடிபி வேறு வழியில் போனது. கணக்குப்பிள்ளை பேரேட்டில் பழைய வரியை அழிக்காமல் கீழே திருத்தம் எழுதுவதைப் போல, ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தது. நீக்கமும் ஒரு வரிதான். அவ்வப்போது பேரேட்டைச் சுருக்கிப் புதிதாக எழுதிக்கொள்ளும். மின்வெட்டில் கெடுவது பெரும்பாலும் கடைசி வரி மட்டுமே. ஆயினும் தரவு முழுவதும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும் என்ற எல்லை இரண்டுக்கும் பொது.

அந்த எல்லை எஸ்க்யூலைட்டுக்கு இல்லை. தேவையான பக்கங்களை மட்டுமே அது படிக்கிறது. மாற்றுமுன் பழைய பக்கத்தைத் தனிப் பதிவுக் கோப்பில் குறித்துவைப்பதால், பாதியில் நின்ற வேலையை அடுத்த முறை திறக்கும்போது திருப்பிவிடுகிறது. 2010இல் சேர்ந்த, மாற்றங்களை முன்கூட்டியே தனிப் பதிவில் எழுதும் முறையில், ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். இவ்வளவு இருந்தும் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஜேசான் கோப்புகள் நிலைத்ததற்கு நிறுவும் தொல்லை ஒரு முக்கியக் காரணம். எஸ்க்யூலைட் சி மொழியில் எழுதப்பட்டது. தயாராகத் தொகுத்த வடிவம் கிடைக்காத கணினியில் அதை நோடுடன் இணைக்கக் கம்பைலர், பைத்தான் எல்லாம் வேண்டியிருந்தது. நோட் பதிப்பு மாறினால் மீண்டும் தொகுக்க நேர்ந்தது.

அந்தத் தொல்லையும் விலகத் தொடங்கியது. 2022இல் பன் என்ற இயக்கச்சூழல் எஸ்க்யூலைட்டைத் தன்னுள் கொண்டே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஸ்க்யூலைட் குழுவே உலாவிக்குள் ஓடும் வெப் அசெம்பிளி வடிவத்தை வெளியிட்டது. உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் ஒதுக்கும் தனிக் கோப்பறையில் அது எழுதுகிறது. 2024 ஜூலையில் நோட் 22.5 பதிப்பும் எஸ்க்யூலைட்டைச் சோதனை நிலையில் உள்ளடக்கியது. தனியாக எதையும் நிறுவாமல், ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் தரவுத்தளம் திறந்துகொள்கிறது.