சேவலின் கொண்டையிலிருந்து பசுவின் மடி வரை

கன்று ஈன்ற பசுவைக் கவனித்திருக்கிறீர்களா? முதற் சில வாரங்களில் அதன் பால் நாளுக்கு நாள் பெருகுகிறது. அதே வேளையில் விலா எலும்புகள் தெரியும்படி உடல் மெலிகிறது. தீனி குறையவில்லை, நோயும் இல்லை. சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்பும்படி உடலுக்குள் ஓர் ஆணை பிறந்திருக்கிறது. அவ்வாணை நரம்பின் வழியே மட்டும் செல்வதன்று. பெரும்பாலும் குருதியின் வழியே செல்கிறது. அதனைச் சுமந்து செல்லும் வேதிப்பொருள்களையே ஹார்மோன்கள் என்கிறோம். அவற்றை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்பதைப் பார்ப்போம்.

ஆறு சேவல்கள்

விரை நீக்கிய சேவல் சண்டையிடாது, கொழுத்து வளரும் என்பது பண்ணையாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஏன் என்றுதான் எவருக்கும் தெரியவில்லை. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்டு பெர்ட்டோல்டு இதற்கு ஓர் எளிய சோதனையை அமைத்தார். ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டு, இரண்டின் விரைகளை முற்றிலும் நீக்கினார். மற்ற நான்கில், விரையை அதன் இடத்திலிருந்து பிரித்து வயிற்றறைக்குள்ளேயே விட்டார். இவற்றுள் இரண்டில் ஒன்றன் விரை மற்றதற்கு மாற்றி வைக்கப்பட்டது.

முதல் இரண்டும் கொண்டை சிறுத்து, கூவாமல் வளர்ந்தன. மற்ற நான்கும் இயல்பான சேவல்களாகக் கூவின, சண்டையிட்டன. பிரித்து வைத்த விரைக்குப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. ஆனால் புதிய இரத்தக் குழாய்கள் அதனைச் சூழ்ந்திருந்தன. எனவே விரை எதையோ குருதியில் கலக்கிறது என்று 1849-இல் அவர் எழுதினார். அக்கட்டுரையை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. 1902-இல் இங்கிலாந்தில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் சிறுகுடலிலிருந்து இத்தகைய தூதுப்பொருள் ஒன்றைக் கண்டனர். 1905-இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை வழங்கினார். ‘தூண்டுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

மூளையின் அடியில் ஒரு சிறு சுரப்பி

1921-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஈவான்சும் லாங்கும் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியின் முன்பகுதிச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். எலிகள் இயல்பை மீறிப் பெருத்தன. 1928-இல் பிரான்சில் ஸ்டிரிக்கர், குரூட்டர் ஆகியோர் அத்தகைய சாற்றினால் முயல்களில் பால் சுரக்கச் செய்தனர். 1937-இல் சோவியத் நாட்டின் அசிமோவ், குரௌசே ஆகியோர் நூற்றுக்கணக்கான பசுக்களுக்குச் சாற்றைச் செலுத்தி, பால் கூடியதாக அறிவித்தனர்.

இரண்டாம் உலகப்போரின்போது உணவுத் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டனும் இவ்வழியை ஆராய்ந்தது. சாற்றில் பாலைக் கூட்டுவது வளர்ச்சி ஹார்மோனே என்பது தெளிந்தது. ஆனால் கசாப்புக் கூடங்களில் கிடைக்கும் சுரப்பிகள் நாட்டின் பசுக்களுக்குப் போதவே போதா என்பதும் தெளிந்தது. முயற்சி அத்துடன் நின்றது.

பங்கீட்டின் கணக்கு

கன்றின் எலும்பையும் தசையையும் வளர்க்கும் ஹார்மோன், பசுவின் பாலை எவ்வாறு கூட்டுகிறது?

பாலிலுள்ள சர்க்கரையாகிய லாக்டோஸ், மடியில் குளுக்கோசிலிருந்து உருவாகிறது. சவ்வூடு பரவல் விதிப்படி லாக்டோஸ் தன்னுடன் நீரை ஈர்க்கிறது. ஆதலால் குளுக்கோஸ் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே பால். ஆனால் அசைபோடும் விலங்கிற்குத் தீனியிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் குளுக்கோஸ் மிகக் குறைவு. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்கச் செய்கின்றன. அதில் விளையும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரல்தான் குளுக்கோசை ஆக்க வேண்டும்.

இங்கேதான் வளர்ச்சி ஹார்மோன் தலையிடுகிறது. ‘சேமித்து வை’ என்னும் இன்சுலினின் ஆணைக்குக் கொழுப்புத் திசு செவிசாய்ப்பதை அது குறைக்கிறது. கல்லீரலைக் கூடுதல் குளுக்கோஸ் ஆக்கச் செய்கிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்னும் மற்றொரு தூதுவனையும் கல்லீரலிலிருந்து சுரக்கச் செய்கிறது. மடியின் சுறுசுறுப்பைக் காப்பதில் அதற்குப் பங்குண்டு. மற்றத் திசுக்கள் கொழுப்பை எரித்துக் காலம் தள்ள, குளுக்கோஸ் மடிக்கு மிஞ்சுகிறது.

வெப்பநிலைச் சீராக்கி அறையை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும். உடலிலும் அத்தகைய ஏற்பாடுகள் பல உண்டு. ஆனால் பால் தரும் காலத்தில் பசுவின் உடல், அச்சீராக்கியின் முள்ளையே வேறிடத்திற்கு நகர்த்திவிடுகிறது எனலாம். பௌமன், கரி ஆகிய இருவரும் 1980-இல் இக்கருத்தை விளக்கினர்.

நுண்ணுயிர் தந்த ஹார்மோன்

அதே காலத்தில் மரபணுப் பொறியியல் பழைய தடையை நீக்கியது. பசுவின் வளர்ச்சி ஹார்மோனுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி, ஹார்மோனை வேண்டிய அளவு பெற முடிந்தது. 1982-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பௌமன் குழுவினர் அதன் முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்க அரசு 1993-இல் இசைவளித்தது. 1994-இல் மருந்து விற்பனைக்கு வந்தது.

பாலைக் குடிப்பவருக்குத் தீங்கு உண்டா என்று பலர் அஞ்சினர். இந்த ஹார்மோன் ஒரு புரதம். வாய்வழி சென்றால் செரித்துவிடும். மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதரிடம் செயல்படுவதில்லை என்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது. வலுவான மறுப்பு பசுவின் பக்கத்திலிருந்து வந்தது. ஹார்மோன் செலுத்திய பசுக்களில் மடிவீக்க நோயும் கால் நொண்டுதலும் கூடுதலாகக் காணப்பட்டன. விலங்கு நலனைக் காரணம் காட்டி 1999-இல் கனடா இசைவு மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2000-ஆம் ஆண்டு முதல் நிரந்தரத் தடை விதித்தது.

இயற்பியல் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஹார்மோன் பங்கீட்டைத்தான் மாற்றும். ஒரு துளி ஆற்றலையும் படைக்காது. கூடுதல் பாலுக்குக் கூடுதல் தீனி வேண்டும். தவறினால் பசு தன் உடலிலிருந்தே ஈடுகட்டும். புதிய மருந்தொன்று விளைச்சலைப் பெருக்குவதாக எங்கேனும் படித்தால், ‘எவ்வளவு கூடுகிறது?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘அது எங்கிருந்து வருகிறது?’ என்றும் கேளுங்கள்.