கல்பாசி பிறந்த கதை

வைப்பின் தீவில் எங்கே தோண்டினாலும் மணலும் சேறும்தான், பாறை தட்டுப்படாது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்து, இந்த நீளத் திட்டையும் மேடாக்கியது என்பார்கள். ‘புதுவைப்பு’ என்று அந்த ஆண்டிலிருந்தே ஒரு காலக்கணக்கும் வழங்கியது. ஆக, வைப்பின்காரர் பிரியாணிக்குக் கல்பாசி தேட உள்ளூரில் பாறையே இல்லை. படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, மட்டாஞ்சேரி மசாலாக் கடைகளைப் பார்க்க வேண்டியதுதான். மேலே சாம்பல், அடியில் கறுப்பு என்று சுருண்டு கிடக்கும் அந்தச் சருகு, மலையிலிருந்து வருவது.

செடிபோலத் தெரிந்தாலும் அது செடியல்ல; ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப்பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை ஆக்கும். பூஞ்சை மேலும் கீழும் தோல் போர்த்தி, அடியில் இழைவிட்டுப் பாறையையோ மரப்பட்டையையோ பற்றிக்கொள்ளும். பூஞ்சையைப் பிரித்துத் தனியே வளர்த்தால் வெறும் கட்டியாகத்தான் வளரும். இந்த இலை வடிவம் வராது.

இந்த இருவர் குடித்தனத்தை 1867-இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஸ்வெண்டனர் சொன்னபோது, இவ்வகைப் பாசிகளை ஆராயும் துறையின் பெரியவரான நைலாண்டர் கடைசிவரை ஏற்கவே இல்லை. ஸ்வெண்டனரும் சும்மா இருக்கவில்லை. பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் வருணித்துவைத்தார். எனக்கு அந்த உவமை ஒப்பவில்லை. ஆனாலும் பாசி ஆக்கிய சர்க்கரையில் பெரும்பங்கு யாருக்கு என்று பார்த்தால், மனிதர் சொன்னது முழுப் பொய்யுமல்ல.

புதிய கல்பாசி பிறக்கும் விதம்தான் அழகு. இலை விளிம்பில் மாவுபோலத் துகள் பூக்கும். ஒவ்வொரு துகளிலும் சில பாசி செல்கள், அவற்றைச் சுற்றிப் பூஞ்சை இழை. தாய் தகப்பன் இருவரையும் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளை அது! காற்றோ மழையோ கொண்டுபோய்ச் சேர்த்த கல்லில் ஒட்டினால் பிழைக்கும். பிறகும் அவசரமில்லை, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்த்தி.

இதைப் பயிரிடுவார் இல்லை. காட்டில் சுரண்டி எடுப்பதே வழக்கம். அறிவியல் இதைப் பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்கிறது. ஆனால் கடைச் சாக்கில் இதன் பங்காளிகளும் கலந்தே கிடப்பார்கள். செட்டிநாட்டு அடுப்பில் யாரும் இனம் பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சையாக முகர்ந்தால் பெரிதாக வாசனை இராது; காய்ந்த எண்ணெயில் விழ வேண்டும்.