மறைந்து செல்லும் வேட்டையாடியும் மறைவானவற்றை அறிபவனும்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அம்பு எய்வதையோ துப்பாக்கி வெடிப்பதையோதான் நாம் எண்ணுகிறோம். வேட்டையில் தேர்ந்தவர்கள் அவ்வாறு எண்ணியதில்லை. பதுங்கிடத்திற்கு ஓசையின்றிப் போய்ச் சேர்வதும், அங்கே அசைவற்றிருப்பதும், பின்னர் எந்த உயிரையும் வெருட்டாமல் திரும்புவதுமே மான் வேட்டையின் பெரும்பகுதி. எய்வது ஒரு நொடி வேலை. இம்மறைவுக் கலையைக் குறித்து அரபு அகராதி ஆசிரியர்களும் முகலாய வரலாற்றாசிரியர்களும் எழுதி வைத்தவற்றை நம் ஷரீஅத்தின் வேட்டைச் சட்டங்களோடு சேர்த்துப் படித்தால், நாம் பெரிதும் கவனிக்காத ஓர் உண்மை புலப்படுகிறது.

முதலில் நமக்கு அருகிலுள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்கு மேற்கே சமவெளி முடிந்து பழனிமலைத் தொடரின் கீழ்ச்சரிவுகள் எழத் தொடங்கும் இடத்தில் கன்னிவாடி அமைந்துள்ளது. மதுரை நாயக்கர் ஆட்சிக்காலப் பாளையங்களுள் இதுவும் ஒன்று. 1755ஆம் ஆண்டு திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக வந்த ஹைதர் அலீ தம் அதிகாரத்திற்குக் கீழே கொண்டுவந்த பாளையங்களுள் கன்னிவாடியும் அடங்கும். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானின் கையிலிருந்து கும்பினியாரிடம் சென்றது. கடமானும் புள்ளிமானும் உலவும் இத்தகைய மலையடிவாரத்தில்தான் மறைந்து செல்லும் கலையின் நுட்பம் நன்கு விளங்கும்.

மானின் கண்ணை மரமும் புதரும் மறைத்துவிடும். அதன் மூக்கை எதனாலும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஆகவே வேட்டையாடி முதலில் பார்ப்பது காற்றின் போக்கை. மலையடிவாரத்தில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறியதும் சரிவு சூடாகிக் காற்று கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும். பொழுது சாய்ந்தபின் சரிவு குளிர்ந்து, காற்று மேலிருந்து சமவெளியை நோக்கி இறங்கும். எனவே அந்தியில் அடிவாரத்திலிருந்து மேலேறும் மனிதனின் வாடை அவனுக்குப் பின்னே போய்விடும். மேலே நிற்கும் மான் அவனை அறியாது. அதே மனிதன் பரணில் இரவைக் கழித்துவிட்டு, வெயில் ஏறியபின் அதே வழியில் இறங்கினால், அவனுடைய வாடை அவனுக்குப் பின்னே மலையேறிவிடும். கடமான் ஒரு முறை உரக்கக் குரலெழுப்பினால் போதும், காடு முழுவதும் எச்சரிக்கை அடைந்துவிடும். வெருண்ட மான் அவ்விடத்தை எளிதில் நாடாது. போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு என்று வேட்டையாடிகள் வகுத்துக்கொண்டதன் காரணம் இதுவே.

இந்த அறிவு பாலைவனத்து அரபியர்க்கும் நன்கு தெரிந்திருந்தது. ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியில் ‘குத்ரா’ என்னும் சொல்லைக் காண்கிறோம். வேட்டையாடி பதுங்கியிருக்கும் மறைவிடம் என்பது அதன் பொருள். அச்சொல்லின் வேரிலிருந்தே பிறந்த ஒரு வினைச்சொல், வேட்டையாடி ஒட்டக மயிரை எரித்துப் புகை மூட்டுவதைக் குறிக்கிறது. தன் வாடையை விலங்கு நுகர்ந்து ஓடிவிடாமல் இருப்பதற்கான உபாயம் அது. ஒரு தொழில் நுட்பத்திற்கென்று தனியே ஒரு வினைச்சொல் பிறந்திருக்கிறதெனில், அத்தொழில் அம்மக்களின் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதை நாம் உணரலாம்.

அதைவிட வியப்பிற்குரிய சொல் ‘தரீஆ’. வேட்டையாடி ஓர் ஒட்டகத்தைக் காட்டு விலங்குகளோடு முதலில் மேயவிட்டுப் பழக்குவான். விலங்குகள் அதைக் கண்டு அஞ்சாத நிலை வந்தபின், அவ்வொட்டகத்தின் பக்கத்தில் ஒட்டி நடந்து, அதன் உடல்மறைவில் நெருங்கிச் சென்று எய்வான். அந்த ஒட்டகத்திற்குத்தான் ‘தரீஆ’ என்று பெயர். ஒன்றை அடைவதற்குரிய வழி, சாதனம் என்னும் பொருளில் இச்சொல் வழங்குவதை நாம் அறிவோம். ‘ஸத்துத் தராயிஃ’, அதாவது தீமைக்கு இட்டுச் செல்லும் வழிகளை அடைத்தல் என்னும் உஸூலுல் ஃபிக்ஹ் விதியில் இடம்பெறுவதும் இதே சொல்லின் பன்மையே. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் பெரிதும் ஆளப்படும் இவ்விதிக்கு இமாம் இப்னுல் கைய்யிம் தம் ‘இஃலாமுல் முவக்கிஈன்’ நூலில் 99 சான்றுகளை அடுக்கியுள்ளார். மதரஸாவில் இவ்விதியைப் படிக்கும் மாணவர்களுள், அதன் பின்னே ஓர் ஒட்டகமும் அதன் மறைவில் நடக்கும் ஒரு வேட்டையாடியும் இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இந்தியாவிற்கு வருவோம். அக்பர் காலத்து நடைமுறைகளைத் தொகுத்த அபுல் ஃபஸ்ல், பழக்கிய சிவிங்கிப்புலியைக் கொண்டு மான் பிடிக்கும் முறைகளை ‘ஆயினே அக்பரி’யில் விவரிக்கிறார். அவற்றுள் ஒன்றில், காற்று தன்னை நோக்கி வீசும் இடத்தில் சிவிங்கிப்புலியை மறைத்து வைத்துவிட்டு, அதை ஏற்றிவந்த வண்டியை எதிர்த்திசையில் ஓட்டிச் செல்வார்கள். மானின் கவனம் வண்டியின் மேல் செல்லும். மறைவிலிருந்த விலங்கு பாயும். கன்னிவாடிச் சரிவிலும் ஹிஜாஸ் பாலையிலும் பயன்பட்ட அதே காற்றறிவுதான் இங்கும் செயற்படுகிறது.

ஆனால் இக்கலை மனிதனின் உள்ளத்தை என்ன செய்யக்கூடும் என்பதற்கும் முகலாயரிடமே சான்று உள்ளது. 1610ஆம் ஆண்டில் ஒரு நாள் ஜஹாங்கீர் ஒரு நீலமானை நெருங்கிக் குறிபார்க்கும் வேளையில், குதிரைக்காரன் ஒருவனும் சுமைகாவும் பணியாளர் இருவரும் எதிர்பாராமல் எதிர்ப்பட்டனர், மான் ஓடிவிட்டது. குதிரைக்காரனை அவ்விடத்திலேயே கொல்லவும், மற்ற இருவரின் கால் நரம்பை அறுத்துக் கழுதைமேல் ஏற்றிப் பாசறையைச் சுற்றிவரச் செய்யவும் ஆணையிட்டதை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். ஒரு விலங்கின் கண்ணுக்குத் தப்ப எத்துணையோ பாடுபட்ட பேரரசர், தம்மை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவனை அந்நொடியில் மறந்தார்.

இங்கேதான் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 94ஆம் வசனம் நம் கவனத்திற்குரியது. கைகளும் ஈட்டிகளும் எட்டக்கூடிய தொலைவிற்கு வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து இறைநம்பிக்கையாளர்களை அல்லாஹ் சோதிப்பான் என்றும், மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என்பது வெளிப்படுவதற்காகவே அச்சோதனை என்றும் அவ்வசனம் அறிவிக்கிறது. ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் இஹ்ராமுடன் இருந்தபோது விலங்குகள் அவர்களின் கூடாரங்களுக்கு அருகிலேயே வந்தன என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். மறைவு என்பது வேட்டையாடியின் கருவி. இறைமறையோ அதே மறைவை அவனுடைய சோதனைக் களமாக்குகிறது.

அப்பயணத்தில் நிகழ்ந்ததே அபூகதாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது. இஹ்ராம் அணியாதிருந்த அவர் காட்டுக்கழுதை ஒன்றைக் கண்டு குதிரையேறினார். சவுக்கை எடுத்துத் தருமாறு கேட்டபோது, இஹ்ராமிலிருந்த தோழர்கள் எவ்வுதவியும் செய்ய மறுத்துவிட்டனர். பின்னர் அவ்விறைச்சியைக் குறித்துக் கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வினவியது, யாரேனும் அவரை ஏவினீர்களா, அதைச் சுட்டிக்காட்டினீர்களா என்பதுதான். இல்லை என்றதும் உண்ண அனுமதித்தார்கள். இதன் அடிப்படையில், இஹ்ராமிலிருப்பவர் வேட்டைப் பிராணியைச் சுட்டிக்காட்டி அது கொல்லப்பட்டால் அவர்மீதும் பரிகாரம் கடமையாகும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் பரிகாரம் இல்லை. ஆயினும் அது பாவமே. எய்தவனை மட்டுமல்லாமல், வழி காட்டிய விரலையும் சட்டம் விசாரிக்கிறது.

இவ்விசாரணை நம் காலத்திற்கும் உரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையும் நீக்கியது. இன்று மான் வேட்டைக்கென மலையடிவாரத்தில் மறைந்து செல்பவன் மானுக்கு மட்டுமன்றி வனக்காவலருக்கும் அஞ்சியே செல்கிறான். பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தால் போதாதா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இறைச்சியின் விதி ஒன்று. அதை அடைந்த வழியின் விதி வேறு. பொதுநலனுக்காக அரசு வகுத்த, பாவத்தை ஏவாத தடையை மீறுவதும், அழிந்துவரும் ஓர் உயிரினத்தை மேலும் குறைப்பதும், பொய்யும் ஒளிவும் பழகிக்கொள்வதும் அவ்வழியில் உள்ளன. ‘தரீஆ’ என்னும் சொல்லின் வரலாற்றை அறிந்தவர் இதை எளிதில் உணர்வர். சனிக்கிழமைத் தடையைத் தந்திரத்தால் கடக்க முயன்ற கடலோர ஊரார், மனிதர் கண்ணில் குற்றமற்றோராகத் தோன்ற எண்ணியவர்களே. அவர்களின் முடிவை அல்அஃராஃப் அத்தியாயம் நமக்குச் சொல்கிறது.

மறைந்து செல்லும் இக்கலையில் வெறுக்கத்தக்கது ஏதுமில்லை. ஓர் உயிரை வெருட்டாமல் அதன் அருகே சென்று திரும்பும் திறன், கொல்வதற்கு மட்டுமா பயன்படும்? முவத்தா, நஸாயீ ஆகிய நூல்களில் ஒரு செய்தி உண்டு. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமுடன் மக்காவை நோக்கிச் செல்லும் வழியில், உடலில் அம்பு தைத்த மான் ஒன்று நிழலில் சுருண்டு படுத்திருந்தது. பயணக் கூட்டம் முழுவதும் கடந்து செல்லும் வரை யாரும் அதற்குத் தொல்லை தராதவாறு ஒருவரை அதன் அருகே நிறுத்தினார்கள். மதீனாவின் இரு கருங்கல் நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் புனித எல்லையாக அவர்கள் அறிவித்த பின், அங்கே மான்கள் மேயக் கண்டாலும் அவற்றை வெருட்டமாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) கூறிவந்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர்.

காற்றின் திசை அறிந்து, ஓசையின்றிச் சென்று, மேயும் மான் தலை நிமிராதபடி திரும்பத் தெரிந்தவர்கள் கன்னிவாடி போன்ற மலையடிவார ஊர்களில் இருப்பின், அவர்களுடைய அறிவு காட்டைக் காப்பதற்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது. அவ்வறிவை அந்த வழிக்குத் திருப்பிவிடும் பொறுப்பு, அவ்வூர்களின் ஜும்ஆ மேடைகளில் நின்று பேசும் ஆலிம்களாகிய நமக்கும் உண்டு.